ஸ்கேன் செய்து வந்த 34 லட்சமும் என் வருமானமா?

கேள்வி: ஐயா, நான் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஒயர், சுவிட்ச், ஃபேன், எல்இடி பல்பு எல்லாம் விற்கிறேன். கூடவே ஃபேன், மிக்சி, மோட்டார் ரிப்பேரும், கூப்பிட்டால் வீட்டு ஒயரிங்கும் செய்வேன். வேலைக்கூலியாக மாதம் பதினைந்தாயிரம் போல வரும். கடையில் இரண்டு கியூஆர் அட்டை இருக்கிறது. ஒன்று என் சேமிப்புக் கணக்கு, இன்னொன்று மனைவி கணக்கு. மனைவி வீட்டில் தையல் வேலையும் செய்கிறார். 2025 ஏப்ரலில் இருந்து 2026 ஜனவரி வரை என் கணக்கில் 24.6 லட்சமும் அவர் கணக்கில் 9.4 லட்சமும் வரவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய முழு ஆண்டுக்கும் சேர்த்தே 16 லட்சம்தான் வந்தது. இதுவரை நான் வருமான வரி தாக்கல் செய்ததில்லை, ஜிஎஸ்டியும் எடுத்ததில்லை. கர்நாடகாவில் கடைக்காரர்களுக்கு லட்சக்கணக்கில் நோட்டீஸ் வந்ததைப் படித்ததில் இருந்து தூக்கமில்லை. "கியூஆரைக் கழற்றிவிட்டு ரொக்கமாக வாங்கு" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். "40 லட்சம் தாண்டாதவரை உன்னை யாரும் கேட்க முடியாது, அம்மா கணக்கிலும் ஒரு கியூஆர் போடு" என்கிறான் நண்பன். வங்கியில் இருந்தும் "சேமிப்புக் கணக்கில் வியாபாரம் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் இணைத்திருக்கிறேன். வீட்டுச் செலவு மாதம் முப்பத்தைந்தாயிரம் கடையில் இருந்துதான் எடுக்கிறேன். நான் எவ்வளவு வரி கட்ட வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தூங்குங்கள். உங்கள் வருமான வரி பெரும்பாலும் சுழியம். ஆனால் ஜிஎஸ்டியில் நீங்கள் நினைக்காத ஓர் இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். பக்கத்துக் கடைக்காரரும் நண்பரும் சொன்னதில் அதற்கு மருந்து இல்லை, நோயை முற்ற வைக்கத்தான் அது உதவும்.

கர்நாடக விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2025 ஜூலையில் அந்த மாநில வணிகவரித் துறை, யுபிஐ சேவை நிறுவனங்களிடம் இருந்து வாங்கிய தரவை வைத்துப் பல ஆயிரம் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது உண்மை. பேக்கரி, டீக்கடை என்று யாரையும் விடவில்லை. ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு வந்தது பெரிய செய்தியாயிற்று. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அப்புறம் என்ன ஆனது என்பதைத்தான் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. அந்த நோட்டீஸ் விளக்கம் கேட்பதுதான், முடிவான வரி ஆணை இல்லை என்று துறை சொன்னது. வரிவிலக்குப் பொருள் விற்றவர்கள் அதைக் காட்டினால் போதும் என்றது. கடைசியில், பழைய பாக்கியை வற்புறுத்தமாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மாநில அரசே இறங்கி வந்தது. அங்கே அரசு இறங்கியது என்பதற்காக எல்லா இடத்திலும் இறங்கும் என்று நாம் கணக்குப் போடக் கூடாது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. கணக்கில் வந்த தொகையை மொத்தமாகக் கூட்டி "இது உன் விற்பனை" என்று துறை கேட்கும்போது, "இல்லை" என்று சொல்ல உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். வாய் வார்த்தை போதாது.

அதனால்தான் உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைச் செலவழித்தேன். மூன்று பேனா எடுத்தேன். கடை விற்பனைக்கு நீலம், சொந்தப் பணத்துக்குப் பச்சை, புரியாததற்குச் சிவப்பு. 340, 1,150, 85, 620 என்று சில்லறையாக வருகிற வரவெல்லாம் யோசிக்காமல் நீலம். நடுவில் 25,000 ஒன்று வருகிறது. அடுத்த மாதமும் அதே தேதியை ஒட்டி 25,000, பத்து மாதமும் அப்படியே, ஒரே பெயரில் இருந்து. தொலைபேசியில் கேட்டபோது, வீட்டுக் கடன் தவணைக்கு அண்ணன் அனுப்புவது என்றீர்கள். பச்சை. செப்டம்பரில் சீட்டு எடுத்த பணம் 3 லட்சம். அதுவும் பச்சை. மனைவி கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்கு நீங்களே மாற்றிக்கொண்டது மட்டும் 4.1 லட்சம். இதே பணம் அவர் கணக்கில் ஒருமுறை, உங்கள் கணக்கில் ஒருமுறை என்று இரண்டு தடவை வரவாகியிருக்கிறது!

பிறகு சிவப்பு. இரவு எட்டு மணிக்கு மேல் 2,000, 3,000, 5,000 என்று முழுத் தொகையாக வருகிறதே, என்ன என்று கேட்டேன். "ஏடிஎம் தூரம் சார், தெரிந்தவர்கள் ஸ்கேன் செய்துவிட்டு ரொக்கம் வாங்கிப் போவார்கள்" என்றீர்கள். நல்ல மனசு. பத்து மாதத்தில் அது ஏறக்குறைய ஒரு லட்சம். இதில் ஒரு ரூபாய்கூட உங்கள் விற்பனை இல்லை, ஆனால் அதைக் காட்ட ஒரு சீட்டுகூட உங்களிடம் இல்லை. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்த முடியாத உறவு என்றால் நோட்டில் பெயர், தேதி, தொகை எழுதி, வாங்கியவர் கையெழுத்தோடு வையுங்கள்.

ஆக, உங்கள் கணக்கின் 24.6 லட்சத்தில் சீட்டு 3, அண்ணன் 2.5, மனைவி கணக்கு மாற்றல் 4.1, ரொக்கம் கொடுத்தது 1 போக, கடை விற்பனை 14 லட்சம். மனைவி கணக்கின் 9.4 லட்சத்தில் நகைக்கடன் 1.2, அவருடைய தையல் கூலி 1.4 போக, கடைப் பணம் 6.8 லட்சம். யுபிஐயில் வந்த கடை வரவு மொத்தம் 20.8 லட்சம்.

34 லட்சம் 20.8 லட்சமாகிவிட்டதே என்று நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். கல்லாவில் விழுந்த ரொக்கத்தை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. கேட்ட பிறகு "ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு இருக்கும்" என்றீர்கள். மாதத்துக்கு 26 நாள் கடை என்றால் பத்து மாதத்துக்கு 3.9 லட்சம். விற்பனை என்று சட்டம் சொல்வது ஸ்கேன் செய்ததை மட்டும் இல்லை. ரொக்கம், செக், இன்னும் கைக்கு வராத கடன் விற்பனை, எல்லாமும் சேர்ந்ததுதான். பத்து மாத விற்பனை 24.7 லட்சம்.

நண்பர் சொன்ன 40 லட்சத்துக்கு இப்போது வருகிறேன். இந்த ஒரு எண்ணால் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள் உட்பட. ஜிஎஸ்டியில் 40 லட்சம் வரம்பு பொருள் மட்டும் விற்பவர்களுக்கு. "மட்டும்" என்ற சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சேவை செய்கிறவர்களுக்கு வரம்பு 20 லட்சம். பொருளும் விற்று, கூடவே சேவையும் செய்தால்? மொத்த விற்பனைக்கும் 20 லட்சம்தான் வரம்பு. நீங்கள் மாதம் பதினைந்தாயிரத்துக்குச் செய்கிற ரிப்பேரும் ஒயரிங்கும் சேவை. ஒன்றரை லட்ச ரூபாய் வேலைக்கூலி, 23 லட்ச ரூபாய் பொருள் விற்பனையையும் 40 லட்சக் கூரையில் இருந்து 20 லட்சக் கூரைக்குக் கீழே இழுத்து வந்துவிட்டது. வெறும் ஒயரும் சுவிட்சும் விற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. (பொருள் மட்டும் விற்பவர்களும் கவனிக்க: மாநிலத்துக்கு வெளியே சரக்கு அனுப்பி விற்றால் முதல் ரூபாயில் இருந்தே பதிவு கட்டாயம். அங்கே எந்த வரம்பும் காப்பாற்றாது.)

நல்ல வேளை, போன ஆண்டு வங்கி வரவு மொத்தமே 16 லட்சம்தான். சொந்தப் பணத்தைக் கழித்து ரொக்கத்தைக் கூட்டினாலும் 20 லட்சத்தைத் தொடாது. எனவே பழைய ஆண்டுகளைத் தோண்ட வேண்டியதில்லை. இந்த ஆண்டு மாதச் சராசரியை வைத்துப் பார்த்தால், 20 லட்சத்தைத் தாண்டியது டிசம்பரில். தாண்டிய நாளில் இருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அது தவறிவிட்டது. தீபாவளி மாதத்தில் விற்பனை கூடியிருந்தால் தேதி இன்னும் முன்னால் போகும். நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்துச் சரியான தேதியைக் கண்டுபிடிப்பது முக்கியம், ஏனென்றால் வரி அந்தத் தேதியில் இருந்துதான்.

இதற்கு என்ன செலவாகும்? வரம்பைத் தாண்டிய பிறகான விற்பனை ஜனவரி முடிய 4.7 லட்சம். உங்கள் சரக்கில் பெரும்பகுதிக்கு வரி 18 சதவீதம். அப்படியே பெருக்கினால் 84,600 ரூபாய். நீங்கள் விற்ற விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்று கணக்கிட்டால் 71,700 அளவுக்குக் குறையும். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், இரண்டு மாதத் தாமதத்துக்கு அது சில ஆயிரத்தைத் தாண்டாது. அந்தச் சரக்கை வாங்கும்போது மொத்த வியாபாரியிடம் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த வரியைக் கழிக்க முடியுமா என்றால், நேரத்தில் பதிந்தவருக்கு இருக்கிற வசதி தாமதமாகப் பதிந்தவருக்கு இல்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் காசு கொடுத்து ஒரு நல்ல ஆடிட்டரோடு உட்காருங்கள். கொள்முதல் பில்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

என் யோசனை: நோட்டீஸ் வருமா வராதா என்று காத்திருக்காதீர்கள். நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே டிஆர்சி-03 படிவத்தில் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால், மோசடி நோக்கம் இல்லாத இனத்தில் அபராதம் கிடையாது. 2024-25 முதலான ஆண்டுகளுக்குப் பொருந்தும் 74ஏ பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவு, நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் கட்டினாலும் அபராதத்தை விட்டுவிடுகிறது. ஆனால் மனைவி கணக்கு, அம்மா கணக்கு என்று விற்பனையைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தால் "நோக்கம் இல்லை" என்று எப்படிச் சொல்வீர்கள்? நண்பர் சொன்ன யோசனையின் உண்மையான விலை இதுதான். கடை யாருடையதோ விற்பனை அவருடையது. பணம் எந்தக் கணக்கில் விழுந்தாலும் விற்பனை பிரியாது. அம்மாவின் பான் எண்ணை இதற்குள் இழுத்தால், நாளைக்கு வயதான காலத்தில் அவருக்கு ஒரு நோட்டீஸ் வரும்.

இனிமேல் என்ன செய்வது என்பது சுலபம். விற்பனை ஆண்டுக்கு 1.5 கோடி வரைக்கும் உள்ளவர்களுக்கு காம்போசிஷன் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வழக்கமான ஜிஎஸ்டிக்குப் பதிலாக வியாபாரி விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆண்டுக்கு 30 லட்சம் என்றால் 30,000 ரூபாய், காலாண்டுக்கு 7,500. காம்போசிஷனில் இருக்கும் வியாபாரி சேவையும் செய்யலாமா என்ற சந்தேகம் வரும். முந்தைய ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், இதில் எது அதிகமோ அதுவரை செய்யலாம். உங்கள் ரிப்பேர் வருமானம் ஆண்டுக்கு 1.8 லட்சம்தான், தாராளமாக அடங்கும். புதிதாகப் பதியும்போதே விண்ணப்பத்தில் காம்போசிஷனைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பதிவு கிடைக்கும் நாளில் இருந்துதான் அந்த 1 சதவீதம். டிசம்பரில் இருந்து அதுவரைக்கும் உள்ள இடைவெளிக்கு மேலே சொன்ன 18 சதவீதக் கணக்குதான். ஒவ்வொரு வாரத் தாமதமும் எவ்வளவு என்று இதிலேயே புரியும். வாரம் 60,000 ரூபாய் விற்றால் ஒரு சதவீதத்துக்கு 600, பதினெட்டுக்கு 10,800.

காம்போசிஷனில் நிபந்தனைகள் உண்டு. இந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, உங்கள் கையில் இருந்து கட்ட வேண்டும். வாங்கிய சரக்கின் வரியைக் கழிக்க முடியாது. வெளிமாநிலத்தில் வாங்கலாம், வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பில்லுக்கு "பில் ஆஃப் சப்ளை" என்று பெயர். அதன் தலையில் நீங்கள் காம்போசிஷன் வரியாளர், வரி வசூலிக்கும் தகுதி இல்லாதவர் என்று அச்சடித்திருக்க வேண்டும். கடையிலும் கண்ணில் படும்படி அதை எழுதி வைக்க வேண்டும். 200 ரூபாய்க்குக் கீழே வாங்குகிறவர் பில் கேட்காவிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிழிக்க வேண்டாம், இரவு கடை மூடும்போது அன்றைய சில்லறை விற்பனைக்கு மொத்தமாக ஒரே பில் போட்டால் போதும். இது தெரியாமல் இருபது ரூபாய் டேப்புக்கெல்லாம் பில் எழுதி அலுத்துப்போய், ஒரு மாதத்தில் பில் புத்தகத்தையே மூட்டை கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ம் தேதிக்குள் சிஎம்பி-08 என்ற படிவம் போட்டுப் பணம் கட்ட வேண்டும். ஆண்டு முடிந்தபின் ஜூன் 30-க்குள் ஜிஎஸ்டிஆர்-4 என்ற ஆண்டுப் படிவம். அவ்வளவுதான். விற்பனையே இல்லாத காலாண்டிலும் தாக்கல் உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

காம்போசிஷன் எல்லோருக்கும் நல்லதென்று சொல்லமாட்டேன். உங்களிடம் வாங்குவது வீட்டுக்காரர்களும் வழிப்போக்கரும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கட்டட கான்ட்ராக்டர்கள், கம்பெனிகள் வாங்குகிறார்கள் என்றால் அவர்கள் கழித்துக்கொள்ள வரி பில் கேட்பார்கள், உங்களால் தர முடியாது, அவர்கள் வேறு கடை பார்ப்பார்கள். ஸ்டேட்மென்ட்டில் நான் பார்த்தவரை கம்பெனி பெயரில் வந்த வரவு இரண்டோ மூன்றோதான். அந்த மூன்று பேர் போனால் போகட்டும் என்பது என் எண்ணம். கடையை நடத்துகிறவர் நீங்கள், முடிவு உங்களுடையது.

பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பான், ஆதார், புகைப்படம், கடை வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் போதும். செய்து தருகிறவர் தன் கூலியைக் கேட்கலாம், "ஜிஎஸ்டி ஆபீஸ் ஃபீஸ்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, பதிவு எண் கைக்கு வரும்வரை யாரிடமும் "ஜிஎஸ்டி சேர்த்து" என்று வாங்கிவிடாதீர்கள். வரி என்ற பெயரில் வாங்கிய பணம் வரம்புக்குள் இருந்தாலும் அரசுக்குச் சேர வேண்டியதுதான்.

வருமான வரிக்கு வருவோம். இங்கே விற்பனைக்கு வரி இல்லை, லாபத்துக்குத்தான். 44ஏடி என்ற பிரிவு, கணக்குப் புத்தகம் வைக்க முடியாத சிறு வியாபாரிக்காகவே இருக்கிறது. விற்பனை 2 கோடி வரை இதில் போகலாம். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 3 கோடி வரை. வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தையும், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் லாபம் என்று காட்டலாம். பார்த்தீர்களா? சட்டமே கியூஆர் வைத்திருப்பவருக்கு இரண்டு சதவீதம் சலுகை தருகிறது. கழற்றச் சொன்ன பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் ரொக்கத்தை என்ன செய்யப்போகிறார்? ஓர் ஆண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் வங்கியே அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். யுபிஐக்கு என்று தனி வரி எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முழு ஆண்டுக்கு யுபிஐ விற்பனை 25 லட்சம், ரொக்கம் 4.7 லட்சம் என்று வைத்தால் 44ஏடி கணக்கில் லாபம் 1.5 லட்சமும் 37,600-மாக, மொத்தம் 1,87,600. இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். நீங்களே மாதம் 35,000 வீட்டுக்கு எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 4.2 லட்சம். 1.87 லட்சம் சம்பாதித்தவர் 4.2 லட்சம் எப்படிச் செலவு செய்தார்? 6, 8 சதவீதம் என்பது குறைந்தபட்சம். உண்மையில் அதிகம் கிடைத்தால் அதிகமாகவே காட்டலாம், காட்ட வேண்டும். 4.2 லட்சம் என்று காட்டினாலும் உங்களுக்கு நஷ்டம் எங்கே? 2025-26-க்குப் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 20,000-க்கு 5 சதவீதம், ஆயிரம் ரூபாய். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு உள்ள தள்ளுபடியில் அந்த ஆயிரமும் போய்விடும். கட்ட வேண்டியது சுழியம்.

வரி சுழியம் என்றால் தாக்கலும் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், தள்ளுபடியில் வரி போனாலும் தாக்கல் செய்தே ஆக வேண்டும். உங்களுக்கான படிவம் ஐடிஆர்-4, சுகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்ச் 31 அன்று கடையில் இருக்கும் சரக்கின் மதிப்பு, வர வேண்டிய கடன், தர வேண்டிய கடன், கையிருப்பு ரொக்கம் ஆகியவற்றை அதில் கேட்கும். எனவே மார்ச் 31 இரவு கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அலமாரி அலமாரியாகச் சரக்கை எழுதுங்கள். ஏப்ரலில் நினைவில் இருந்து எழுதுவது கணக்காக இருக்காது, கதையாகத்தான் இருக்கும்.

வீட்டுக் கடனோ கடைக்கு வங்கிக் கடனோ கேட்டுப் போனால் முதலில் மூன்று வருட ஐடிஆர் எங்கே என்பார்கள். 1.87 லட்சம் என்று எழுதிய காகிதத்தை அன்றைக்கு மேசையில் வைத்துப் பாருங்கள், புரியும்.

44ஏடி-யில் ஒரு கொக்கி இருக்கிறது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டு, அடுத்த சில ஆண்டுகளில் லாபம் குறைவு என்று வெளியே போனால், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் திரும்ப வர முடியாது. உங்கள் தொழிலுக்கு இது பெரிய கவலை இல்லை. கமிஷன், தரகு வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தப் பிரிவே கிடையாது என்பதையும் இதைப் படிக்கிற மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும். வருமானம் கூடி வரி 10,000 ரூபாயை எட்டும் ஆண்டில், 44ஏடி-யில் இருப்பவர் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறும், இந்த உத்தேச லாபத் திட்டம் தொடரும். எண் மாறியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மனைவியின் தையல் கூலி 1.4 லட்சம் அவருடைய சொந்த வருமானம். வரம்புக்கு வெகு கீழே, வரியும் இல்லை, தாக்கல் கட்டாயமும் இல்லை. அதைக் கடையோடு கலக்கியதுதான் பிழை. அவருடைய கியூஆரை இன்றே கடையில் இருந்து எடுத்து வீட்டுத் தையல் மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். கியூஆரைக் கழற்று என்று நானும் சொல்வது இந்த ஒன்றை மட்டும்தான்.

வங்கி சொன்னதைக் கேளுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பானும் போதும். அதையும் ஜிஎஸ்டி சான்றையும் கொடுத்துக் கடை பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். கடை கியூஆர் அந்தக் கணக்குக்கு. அண்ணன் பணம், சீட்டு, நகைக்கடன் எல்லாம் பழைய சேமிப்புக் கணக்கோடு நிற்கட்டும். வீட்டுக்கு வேண்டிய 35,000-ஐ மாதம் ஒருமுறை நடப்புக் கணக்கில் இருந்து சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். நான் மூன்று பேனா வைத்துக்கொண்டு செய்த வேலையை இனி இரண்டு கணக்குகளும் தாமாகவே செய்துவிடும்.

கல்லாவுக்கு ஒரு நோட்டு. கம்ப்யூட்டர் வேண்டாம், ஆப் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே வரி: "ஸ்கேன் 7,850, ரொக்கம் 1,320, இதில் ரிப்பேர் 600, சரக்குக்குக் கொடுத்தது 2,400, கல்லா மீதி 1,870." ரிப்பேரைத் தனியாக எழுதச் சொல்வது எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரி வேறு. கடை உரிமம் புதுப்பிக்கும்போது பாக்கி இருக்கிறதா என்று கேட்டுக் கட்டிவிடுங்கள், சிறிய தொகைதான்.

நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். துறையின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறங்கள். வருமான வரி நோட்டீஸ் என்றால் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும், அது உண்மையா என்று அந்தத் தளத்திலேயே சரிபார்க்க வசதி உண்டு. உண்மை என்றால் அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பதில் போட வேண்டும். பதிலே போடாமல் இருந்தவர்கள்தான் என்னிடம் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள்.

சீட்டுப் பாஸ்புத்தகத்தைச் சீட்டு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவருக்கு, வைப்புநிதி முதிர்ந்து வந்த தன் சொந்தப் பணத்தையே தன் பணம் என்று காட்ட வங்கிக்கு ஏழெட்டு முறை நடக்க வேண்டியிருந்தது. அந்த வங்கிக் கிளை வேறு கிளையோடு இணைந்துவிட்டதால் பழைய பதிவு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் சீட்டுக் கம்பெனி இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறது என்றீர்களே, இந்த வாரமே போய் மூன்று லட்சம் கொடுத்ததற்கும், நீங்கள் மாதாமாதம் கட்டியதற்கும் முத்திரையோடு ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கிவிடுங்கள். அண்ணனிடமும், வீட்டுக் கடன் தவணைக்காக உதவியாகக் கொடுத்தது என்று ஒரு வரி எழுதி வாங்கி அதே ஃபைலில் வையுங்கள். உடன்பிறந்தவர் தரும் உதவிக்கு உங்கள் கையில் வரி கிடையாது.